பெண்கள் பக்கம் ஒரு பிழைகூட இல்லை

பிப். 2, திங்கள்

பனி. ஏழு மணிக்கும் புது ஆற்றின் எதிர்க்கரை தெரியவில்லை. பேருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. ஜன்னலோரம் ஒரு இடம் காலி. இந்தக் கூட்டத்தில் எப்படிக் காலி? தடவிப் பார்த்தேன். இருக்கை முழுக்க ஈரம். தஞ்சாவூர் வரை நின்றுகொண்டே.

ஆய்வுக்கூடத்தில் என் நாற்காலியை யாரோ உயர்த்தி வைத்திருக்கிறார்கள். கால் தரையில் படவில்லை. யாரென்று கேட்கவில்லை. இறக்கிக்கொண்டேன்.

எங்கள் கணினி நிரலின் முடிவு வந்துவிட்டது. அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே எழுதினால்: நெஞ்சில் கருவியை வைத்து இருபது விநாடி ஒலியைப் பதிகிறோம். லப், டப். நடுவில் அமைதி என்றால் இயல்பு. நடுவில் ‘புஸ்’ என்று காற்றுப் போகிற மாதிரி வந்தால் அது மர்மர், டாக்டர் பார்க்க வேண்டும். காது கேட்டுச் சொல்வதைக் கணினி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. (அம்மா: “இதுக்கா எட்டு மாசமா பஸ்ஸுல போயிட்டு வர்ற?”)

மர்மர் உள்ள ஒலிகள் எங்களுக்கு உதவுகிற இதய டாக்டரின் கிளினிக்கில் பதிந்தவை. இயல்பான ஒலிகள் நவம்பரில் அதிராம்பட்டினம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முகாம் போட்டுப் பதிந்தவை. பையன்களுக்கு சி.அ., பெண்களுக்கு நான். சி.அ. என்றால் சிவா அண்ணன், ஆராய்ச்சி மாணவர், எனக்கு மூத்தவர். முழுப் பெயரை எழுதினால் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள்.

மேடம் (சி.அ.வின் வழிகாட்டி, ஆய்வுக்கூடம் அவருடையது) திரையைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்ப்பது இரண்டாவது முறை.

“சிவா, கட்டுரைய இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பிடலாமா?”

“பத்தே நாள்ல அனுப்பிடலாம் மேடம்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “அமலி, உன் பேரும் வரும்.”

தலையாட்டினேன். எங்கள் வீட்டில் இதுவரை யார் பெயராவது அச்சில் வந்திருக்கிறதென்றால் வாக்காளர் பட்டியலில்தான்.

நாலு மணிக்கு மேடத்துக்கும் எனக்கும் சி.அ. கீரை வடை. இதுவரை அவர் எதுவும் வாங்கிப் பார்த்ததில்லை.

திரும்பும்போது பேருந்தில் நிரல் தவறாகச் சொன்ன பெயர்ப் பட்டியலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பெயர் இல்லை, எண்தான். ஆ-4, ஆ-11, ஆ-23, இன்னும் சில. நல்ல இதயத்தை நோய் என்று சொல்லியிருக்கிறது. எல்லாம் ‘ஆ’. பையன்கள். பெண்கள் முப்பத்தெட்டுப் பேர். பெண்கள் பக்கம் ஒரு பிழைகூட இல்லை.

ஒன்றுகூடவா?

பிப். 3, செவ்வாய்

குடையை எடுத்துப் போனேன். மழை இல்லை. எடுத்துப் போகாவிட்டால் வந்திருக்கும்.

ஒலிகளைப் படமாக்கிப் பார்த்தேன். படத்தில் கீழே கனத்த ஒலி, மேலே போகப் போக மெல்லிய கீச்சு ஒலி. லப்பும் டப்பும் கீழேயே இருக்கும். மர்மர் பெரும்பாலும் மேலே ஏறும்.

பையன்கள் படத்தில் மேலே புள்ளி புள்ளியாக ஏதேதோ இருக்கிறது. மூச்சு, பக்கத்தில் ஒருவன் சிரித்தது, மணி அடித்தது. கிளினிக் படங்களிலும் அப்படியே. பெண்கள் படத்தில் பாதிக்கு மேலே ஒன்றுமில்லை. துடைத்த கரும்பலகை. பெ-1, பெ-2, பெ-3... முப்பத்தெட்டும்.

அப்படியென்றால் நிரல் இதயத்தையா கேட்கிறது? மேலே காலியா, ‘இயல்பு’. மேலே ஏதாவது இருக்கிறதா, சந்தேகம். பையன்கள் மாட்டிக்கொண்டது அதனால்தான்.

யார் துடைத்தது?

எல்லா ஒலிக்கும் ஒரே வடிகட்டிதான் போட்டேன் என்று சி.அ. சொல்லியிருக்கிறார். என்னிடம் இருப்பது அவர் தந்த பிரதி. அசல் அவர் மடிக்கணினியில். அதற்குக் கடவுச்சொல். நான் பின்னால் போனாலே திரையைச் சாய்த்துக்கொள்கிறார்.

மூன்றரை மணி. தாழ்வாரத்தில் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர் பிடிக்கிற சாக்கில் நின்றேன்.

“அதெல்லாம் நான் கிளீன் பண்ணிட்டேன்டா. ஒண்ணும் தெரியாது. மேடம் காதுக்கு மட்டும் போயிறக் கூடாது.”

பாட்டில் நிரம்பி வழிந்து காலணி நனைந்தது.

காரணங்கள் எழுதிப் பார்க்கிறேன்:
அவருக்கு இது ஐந்தாவது வருடம்.
வீட்டில் பெண் பார்க்கிறார்கள். படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார்.
கீரை வடை.

பிப். 4, புதன்

காலையிலேயே வீட்டில் சத்தம். எங்கள் குத்தகை வயல் நெல் நான்கு நாளாகக் கொள்முதல் நிலையத்தில் கிடக்கிறது. நேற்று ஈரம் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா: “மிசின்லயே கோளாறு. நம்ம நெல்லு காஞ்சு கலகலங்குது. வேணும்னே பண்றானுவ.”

அம்மா: “அவங்க என்ன வேணும்னே பண்றாங்க? பனியில கெடந்த அடி மூட்டையக் கொண்டாந்து முன்னால வெச்சது யாரு? அதுலதான கைய விட்டாங்க.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சண்டையில் தோற்றால் துண்டை உதறுவார்.

என் சாப்பாட்டில் இன்றும் கத்தரிக்காய்.

ஆய்வுக்கூடத்தில் மேடம் தன் போனை ஒலிபெருக்கியில் போட்டார். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை. முகாம் முடிந்து, டாக்டர் சொன்ன முடிவை எழுதி நாங்கள் அனுப்பிய சீட்டைப் பற்றி.

“உங்க சீட்டு ரொம்ப உபயோகமா இருந்துச்சு மேடம். எல்லாருக்கும் இயல்புன்னு வந்திருச்சுல்ல, அதையே பி.டி. சார்கிட்ட குடுத்துட்டேன். பதினொண்ணாந் தேதி விளையாட்டு விழா. அத வெச்சுத்தான் பிள்ளைங்கள ஓட்டத்துக்கு எடுத்திருக்கோம்.”

மேடம் பெருமையாக எங்களைப் பார்த்தார். சி.அ.வும் பெருமையாகத்தான் இருந்தார். நடிப்பு என்றால் நல்ல நடிப்பு.

எனக்கு பெ-19 ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வகுப்பு. ஒல்லி. தர்ஷினி. எண் மட்டும்தான் நினைவில் வைக்க வேண்டும் என்பது விதி, ஆனால் அவள் என் படிவத்தை எட்டிப் பார்த்து, “எம் பேருக்கு ‘ஷி’ போடணும்க்கா, ‘சி’ போடாதீங்க” என்றாள். கருவியை எடுக்கும்போது கேட்டாள்:

“ஓடுனா எல்லாருக்கும் மூச்சு வாங்கும்ல? எனக்கு மட்டும் ஏங்க்கா நெஞ்சுக்குள்ள யாரோ கதவத் தட்டுற மாதிரி இருக்கு?”

“பயம்தான்” என்றேன். பின்னால் இன்னும் பத்தொன்பது பேர் நின்றார்கள்.

அவள் ஓட்டத்தில் இருப்பாளா? தலைமை ஆசிரியையிடம் கேட்டிருக்கலாம். மேடம் போனை வைத்த பிறகுதான் கேட்கத் தோன்றியது. எப்போதும் இப்படித்தான்.

பிப். 5, வியாழன்

செய்துவிட்டேன்.

கருவிக்குள் ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கிறது. முகாமில் பதிந்த அசல் ஒலி முதலில் அதில்தான் விழும். பிறகுதான் சி.அ. தன் மடிக்கணினிக்கு மாற்றுவார். கருவி இரும்பு அலமாரியில். சாவி அவர் மேசையில், விபூதி டப்பாவுக்குக் கீழே. அவர் கேண்டீன் போனதும் எடுத்தேன். கார்டைக் கைக்குட்டையில் சுருட்டி, சாப்பாட்டு டப்பாவின் மேல்தட்டில் வைத்தேன். கருவேப்பிலை வாசனை ஏறியிருக்கும்.

நூலகத்துக் கணினியில் போட்டுப் பார்த்தேன். பெ-1இலிருந்து வரிசையாக, அசலும் அவர் தந்த பிரதியும் பக்கத்தில் பக்கத்தில்.

ஒன்றேதான்.

ஒரு கோடு மாறவில்லை. அசலிலேயே மேலே காலி. சி.அ. எதையும் துடைக்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. மூன்று நாளாகச் சேர்த்து வைத்த ஒரு கோபம், எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் இருக்கிறது.

அப்படியானால் கருவியா? அதே கருவியால்தான் பையன்களுக்கும். பள்ளிக்கூடமா? அதே கூடம். நாளா? அதே நாள்.

மாறியது என்ன என்று ஒரு தாளில் எழுதினேன். ஆண் / பெண். அவர் / நான்.

தாளைக் கிழித்து நூலகக் குப்பைத்தொட்டியில் போடாமல் பையில் போட்டுக்கொண்டேன். அங்கே போட்டால் யாராவது ஒட்டிப் படிப்பார்கள்.

கார்டைத் திரும்ப வைக்க முடியவில்லை. சி.அ. ஐந்து மணி வரை இடத்தைவிட்டு அசையவேயில்லை.

பிப். 6, வெள்ளி

சி.அ. இன்று மதியம் வரை வரவில்லை. மேடத்துக்கு மீட்டிங். கார்டைக் கருவியில் செருகி, அதைத் தூக்கிக்கொண்டு பழைய ஆசிலோஸ்கோப் பெட்டிகள் கிடக்கும் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

முதலில் தோலின் மேல். இருபது விநாடி.
பிறகு சுடிதார் மேல்.
பிறகு என் பழைய பள்ளி ஓவர்கோட்டை அதற்கு மேலே போட்டுக்கொண்டு. வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்தேன். அம்மா கரித்துணியாக வைத்திருந்தாள். அரசுப் பள்ளிப் பெண்கள் எல்லாரும் போடுவது. கனத்த துணி.

படமாக்கினேன். முதலாவதில் மேலே புள்ளிகள்: என் மூச்சு, வெளியே யாரோ ஸ்டூலை இழுத்தது. மூன்றாவதில் பாதிக்கு மேலே ஒன்றுமில்லை. துடைத்த கரும்பலகை.

தெரிந்துதான் இருந்தது. நேற்று ‘அவர் / நான்’ என்று எழுதியபோதே. இல்லை, பேருந்தில் பட்டியலை ஓட்டியபோதே.

முகாம் அன்று நடந்ததை ஒரு முறையாவது ஒழுங்காக எழுதுகிறேன்.

மறைப்புக்கு ஒரு போர்வை; இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அடிக்கொருதரம் சரிந்தது. பெ-1 தன் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சுடிதாருக்கு முன்னால் பட்டன் கிடையாது. கழுத்து வழியாகக் கையை விட வேண்டும். சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்குத் தெரியும், சி.அ. எழுதியே கொடுத்திருந்தார். வரவில்லை. “பரவால்ல, இப்படியே வெக்கிறேன்” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குச் சேதி போய்விட்டது: “அந்த அக்கா கழட்டச் சொல்லல, டிரெஸ்சு மேலயே வெக்கிறாங்க.” எல்லாரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். என்னை எல்லாருக்கும் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது.

அழுத்தி வைத்தேன். லப் டப் நன்றாகவே கேட்டது. அவ்வளவு போதும் என்று நினைத்தேன்.

டாக்டர் அங்கே வரவில்லை. கிளினிக்கில் உட்கார்ந்து பதிவைக் கேட்டுத்தான் ‘இயல்பு’ போட்டார். துணி மேலே வைத்தது அவருக்குத் தெரியாது. ஏன் தெரியாது?

படிவம் அலமாரியில் இருந்தது. எடுத்தேன். ஐந்தாவது கட்டம்: ‘கருவி வைத்த இடம்: தோல் / துணி’. முப்பத்தெட்டிலும் ‘தோல்’ மேல் வட்டம். நீல மை. திரும்பி வரும்போது பட்டுக்கோட்டை தாண்டிப் பேருந்தில் மடியில் வைத்துப் போட்டது. குலுங்கலில் வட்டங்கள் எல்லாம் முட்டை முட்டையாக.

என் கைதான்.

பிப். 7, சனி

அரை நாள் வேலை. வெயில் சுள்ளென்று. பனி போய்விட்டது போல.

பெ-19ஐ ஒலியைக் கூட்டிக் கூட்டிக் கேட்டேன். நாற்பது தடவையாவது. லப்புக்கும் டப்புக்கும் நடுவில் ஏதோ தடவுகிற மாதிரி இருக்கிறது. கோட்டுத் துணியின் உரசலா? பெ-20இலும் இருக்கிறதா என்று கேட்டால் அங்கேயும் இருக்கிற மாதிரிதான். சந்தேகத்தோடு கேட்டால் என் இதயத்திலேயே இருக்கிறது.

பதினொரு மணிக்கு சி.அ. நேராக என் மேசைக்கு வந்தார். குரல் தணிவாக.

“வியாழக்கிழம சாயங்காலம் கருவியில கார்டு இல்ல. நேத்து இருக்கு. யாரு எடுத்தா?”

நான் திரையைப் பார்த்தேன்.

“அமலி, இங்க இருக்கறதே ரெண்டு பேரு. நான் எடுக்கல. நான்தான் எடுத்தேனோன்னு எனக்கே சந்தேகம் வந்து பைய ரெண்டு தடவ கொட்டிப் பார்த்தேன்.”

“நான்தாண்ணே.”

“எதுக்கு?”

சொன்னேன். துண்டு துண்டாக. பெண்கள் பக்கம் பிழை இல்லாதது, காலியான படம், அவர் துடைத்தார் என்று நினைத்தது. போனில் பேசியதைக் கேட்டதையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு ஒரு மாதிரி ஆனது.

“அது மேடத்தோட கீபோர்டும்மா. டீயக் கொட்டிட்டேன். கழட்டிக் காயவெச்சு மாட்டுனேன். அதச் சொன்னேன்.”

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

“அஞ்சு வருசம் இங்க உக்காந்திருக்கேன். என்னைய அப்படி நெனச்சியா?”

“தப்புத்தாண்ணே.”

“சரி. அப்ப யாருதான் துடைச்சா?”

படிவக் கட்டை அவர் முன்னால் வைத்து ஐந்தாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். மேலே நான் எழுதியது எல்லாம் நாலைந்து வார்த்தையில் முடிந்துவிட்டது. “துணி மேலதாண்ணே வெச்சேன். முப்பத்தெட்டும்.”

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசி வரை புரட்டினார். திட்டியிருக்கலாம். முகாமுக்கு முதல் நாள் அந்தக் கட்டத்தைப் படிவத்தில் சேர்த்ததே அவர்தான்.

“மேடத்துக்கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா கோள் மூட்டுன மாதிரி ஆயிரும்.” படிவங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, “கட்டுரை போனாப் போவுது. சீட்டு போயிருச்சே அமலி.”

அவர் சொல்வதற்கு முன்பே எனக்கும் அந்த நினைப்புதான். பதினொன்றாம் தேதி புதன்.

மேடம் திருச்சியில். போன் எடுக்கவில்லை. சி.அ. மூன்று முறை, நான் ஒரு முறை. நான் செய்தபோது அடித்தது. எடுத்துவிடுவாரோ என்று பயந்து நானே வைத்துவிட்டேன்.

பிப். 8, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை. சாமியாரின் மைக் கரகர. மேலே எவ்வளவு இரைச்சல் என்று படம் ஓடியது மனதில்.

பக்கத்துப் பங்குக் கோயிலில் திருவிழா, அக்கா வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அக்கா பையன் ஓடியாடி வந்து மடியில் விழுந்தபோது அவன் நெஞ்சில் காதை வைத்தேன். சட்டையைத் தூக்கிவிட்டுத்தான். “சித்தி கூசுது!”

அம்மா: “என்னடி, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உர்ருன்னு உக்காந்திருக்க? ஆபீசுல எதாச்சும் சொன்னாங்களா?”

“நான்தான் சொல்லணும்.”

“என்னத்த?”

சொல்லவில்லை. அம்மாவுக்கு நான் கணினிமுன் உட்கார்ந்து செய்கிற எதுவும் தப்பாகாது என்று நினைப்பு.

மூன்று மணிக்கு மேடத்துக்கு மறுபடி. இந்தத் தடவை வைக்கவில்லை. அவர் எடுக்கவில்லை.

கார்மேகம் கூடியது. அறுப்பு முடியாத வயல்காரர்கள் எல்லாரும் வாசலில் நின்று வானத்தையே பார்த்தார்கள். பெய்யவில்லை.

பிப். 9, திங்கள்

எட்டே முக்காலுக்கே மேடம் அறை வாசலில். நின்றுகொண்டே ஒத்திகை. சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். வியர்வையில் கரைந்துவிட்டது.

சொன்னேன்.

மேடம் முதலில் கேட்டது கட்டுரையைப் பற்றி இல்லை. “எத்தன பேரு?”

“முப்பத்தெட்டு மேடம்.”

“எல்லாருமேவா? ஒருத்திக்குக்கூட ஒழுங்கா வெக்கலையா?”

“இல்ல மேடம்.”

“வாய்ல என்ன இருந்துச்சு? ‘இங்க வெக்கணும்மா’ன்னு சொல்றதுக்கு?”

படிவக் கட்டை மேசையில் வைத்தேன்.

“துணி மேல வெச்சதுகூட எனக்குப் பெருசில்ல. துணின்னு வட்டம் போட்டிருந்தா அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடுத்திருப்போம். தோல்னு எதுக்குப் போட்ட?”

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. சொல்லக்கூடிய பதில் இல்லை. எல்லாப் படிவமும் ஒரே மாதிரி இருந்தால் யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். அதுதான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைமை ஆசிரியைக்குப் போன் போட்டார். “சீட்டுல தவறு இருக்கு. பெண் பிள்ளைங்களுக்கு மட்டும். மறுபடி எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் ஓட வேண்டாம்.” அந்தப் பக்கம் ஏதோ உயர்ந்த குரல். “தவறு எங்களோடதுதான். ஆமா. நாளைக்கே வர்றாங்க.” யார் தவறு என்று பெயர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் போலவும் இருந்தது.

அடுத்து டாக்டருக்கு. அவர் பேசியது கேட்கவில்லை. மேடம் நாலு தடவை “சாரி டாக்டர்” என்றார். நாளைய பதிவை உடனுக்குடன் அனுப்பினால் கேட்பாராம்.

“அமலி, நீதான் எடுக்கணும். சிவாவும் வருவான், வெளியில நிப்பான்.”

கட்டுரை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரையில் அதன் தலைப்பு இருந்தது, கீழே மூன்று பெயர். அதை மூடினார்.

நாளைக்கு:
கருவி, உபரி பேட்டரி
புதுப் படிவம் 38
தாழ்ப்பாள் உள்ள அறை (தலைமை ஆசிரியையிடம் கேட்டாயிற்று)
ஒரு டீச்சர் கூட இருக்க வேண்டும்
சொல்ல வேண்டிய வாக்கியம்

பிப். 10, செவ்வாய்

அதிராம்பட்டினம் சாலையில் பேருந்து நெடுகக் கருவாட்டு வாசனை. சி.அ. முன் இருக்கை. கார்டு விஷயத்துக்குப் பிறகு அதிகம் பேசவில்லை. பட்டுக்கோட்டையில் இறங்கி எனக்கும் ஒரு டீ வாங்கி வந்தார். இந்தத் தடவை சந்தேகப்படாமல் குடித்தேன்.

தலைமை ஆசிரியை முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் அறையைத் தந்தார். ஒரு டீச்சர், பெயர் ஸ்டெல்லா, நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் போட்டேன். இழுத்துப் பார்த்தேன்.

பெ-1. இந்தத் தடவையும் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். கொண்டுவந்த வாக்கியத்தை விட்டுவிட்டு, கருவியின் நெஞ்சில் வைக்கிற வட்டத்தை அவள் கையில் கொடுத்தேன்.

“இத நீயே உள்ள வெச்சுக்க. எடது பக்கம். இன்னும் கொஞ்சம் கீழ. தோல்ல படணும். சில்லுன்னு இருக்கும்.”

அவ்வளவுதான். அவள் கை, அவள் கோட்டுக்குள். நான் ஒயரின் மறுமுனையில். முகாமன்று இதுகூட எனக்குத் தோன்றவில்லை.

பெ-19 வரிசையில் இல்லை. “தர்ஷினியா? கிரவுண்டுல இருக்கா மிஸ். ஓடக் கூடாதுன்னு சொன்னதுக்கு அழுவுறா.” ஆள் அனுப்பினோம். மற்றவர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். பெ-26க்குப் பிறகு வந்தாள். கண் சிவந்து. பத்து நிமிடம் உட்காரவைத்தேன். ஓடியிருந்தால் ஒலி மாறும்.

“நீங்கதான நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க? அப்பறம் ஏன் ஓடக் கூடாதுங்கறீங்க? நாளைக்கு எண்ணூறு மீட்டர்ல நான்தான் பஸ்ட்டு. பி.டி. சாரக் கேட்டுப் பாருங்க.”

“அன்னிக்கி நான் சரியா வெக்கல.”

“யாரு, நீங்களா?”

“நான்தான்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வட்டத்தை வாங்கிக் கோட்டுக்குள் விட்டாள். நான் காதுக்குழாயை மாட்டினேன்.

லப் – புஸ் – டப். லப் – புஸ் – டப்.

படமாக்கவில்லை. நிரலில் போடவில்லை. எட்டு மாதத்தில் கிளினிக் பதிவுகளில் எத்தனையோ முறை கேட்டது. கதவைத் தட்டுகிற மாதிரி என்றாள் நவம்பரில்.

அனுப்பினேன். இருபது நிமிடத்தில் டாக்டர்: ஓட வேண்டாம். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை அழைத்து வரவும். பயமுறுத்த வேண்டாம், பல மர்மர் ஒன்றும் செய்யாதவை, பார்த்தால்தான் தெரியும்.

அவள் அம்மா உப்பளத்திலிருந்து வந்தார். பாதம் வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தது. வாசலிலேயே நின்றார். ஸ்டெல்லா டீச்சர்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தது டீச்சரை, பார்த்துக்கொண்டிருந்தது என்னை.

“அன்னிக்கி வந்ததும் இந்தப் பொண்ணுதான?”

“ஆமாங்க.”

“அன்னிக்கி ஒண்ணுமில்லன்ன. இன்னிக்கி இருக்குங்கற. இப்ப மட்டும் சரியா கேட்டியான்னு நான் எத வெச்சு நம்புறது?”

டீச்சர் ஏதோ சொல்ல வந்தார். அந்த இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். காதுக்குழாயைக் கழற்றி அவரிடம் நீட்டினேன்.

“நீங்களே கேளுங்கம்மா.”

வாங்கவில்லை. பிறகு வாங்கினார். எந்தப் பக்கம் மாட்டுவது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டிவிட்டேன். தர்ஷினி முகத்தைத் திருப்பிக்கொண்டு வட்டத்தை வைத்துக்கொண்டாள். அந்த அம்மா தரையைப் பார்த்துக் கேட்டார். வெகு நேரம். கொக்கு மாதிரி அசையாமல்.

“இப்படித்தான் இருக்குமா எல்லாருக்கும்?” என்றார்.

நான் பதில் சொல்லுமுன் மகளிடமிருந்து வட்டத்தை வாங்கித் தன் முந்தானைக்குள் விட்டுத் தன் நெஞ்சில் வைத்தார். ஒரு கூச்சமும் இல்லை. அறையில் நான் இருந்தேன், டீச்சர் இருந்தார், ஒரு பொருட்டில்லை. கேட்டார். மறுபடி மகள் நெஞ்சில். மறுபடி தன் நெஞ்சில். மூன்றாவது தடவை மகளிடம் வைத்தபோது அவள் தலையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு அந்தச் சத்தம் இல்ல” என்றார்.

காதுக்குழாயைக் கழற்றித் தந்தார். காது மடலைத் தேய்த்துக்கொண்டார்.

“திங்கக்கெழம மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?”

ஐந்து நாற்பதுக்கு என்றேன். தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்தில் நான் நிற்பேன் என்றேன். தலையை ஆட்டினார். நம்பினாரா தெரியவில்லை.

ஐந்தாவது கட்டம்: தோல். வட்டம் போட்டேன், அவர் பார்க்க. இன்னும் பன்னிரண்டு பேர் வெளியே. பெ-27 உள்ளே வந்தாள்.